ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

“நான் எந்தப் படிய விட்டேன், பாப்பா?”

அப்பா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா உள்ளே கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார்ந்தபடி மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி திணித்து வைத்திருந்தோம். அப்பா சமையலறைத் தரையில் சாக்பீஸோடு உட்கார்ந்திருந்தார். தரை முழுக்க அவர் எழுத்து. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது முடித்ததோடு நான் படிப்பை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன், ஒரு செல்போன் கடையில் இருந்தேன், இப்போது ஒரு கம்பெனியில் ஒயர் கட்டுகிறேன். எங்கேயும் மனம் நிற்கவில்லை. அப்பாவின் அந்தக் கேள்வியும் ஒரு காரணம். அதற்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் அப்பாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

என் அப்பா பெயர் மாதேஸ்வரன். தளிக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஓசூரில் வண்டிகளுக்குக் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். இன்றைக்கும் அதே கம்பெனி, அதே லைன், அதே பகல் ஷிப்டு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கம்பெனியில் அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். எந்த முடிவையும் மனம் போன போக்கில் எடுக்காமல் படிப்படியாக எடுப்பது எப்படி என்ற பயிற்சி. என்ன பிரச்சினை என்பதை ஒரே வரியில் எழுத வேண்டும். தீர்வில் இருந்தே ஆக வேண்டியது எது, இருந்தால் நல்லது எது என்று பிரிக்க வேண்டும். இருக்கிற வழிகளுக்கெல்லாம் அதை வைத்து மார்க் போட வேண்டும். அதிக மார்க் வாங்கிய வழியை உடனே பிடித்துக்கொள்ளக் கூடாது. இடத்துக்கே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். கடைசியாக, இது தப்பாகப் போவதென்றால் எப்படிப் போகும் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் இதைச் செய்தார்கள். அப்பா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மிக்சி வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தரையில் கட்டம் போட்டு, சத்தம், ஜாடி, சர்வீஸ் என்று எழுதி, ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்டு வந்து மார்க் போட்டார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“என்னையும் இப்படித்தான் கட்டம் போட்டு மார்க் போட்டுக் கட்டிக்கினீங்களா?”

“அப்ப எனக்கு இந்த டிரெயினிங் குடுக்கல, சம்பங்கி.”

“குடுத்திருந்தா?”

“வாய்க்கு மார்க் கொறஞ்சிருக்கும்.”

அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த மிக்சி இன்னும் ஓடுகிறது.

நாங்கள் அப்போது ஓசூரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் அப்பாவைக் கேலி செய்வார்கள். ஆனால் பிள்ளையை எந்த காலேஜில் சேர்ப்பது, பெங்களூருக்கு வேலைக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று ஒரு கஷ்டம் வந்தால், “மாதேஸண்ணா, ஒரு கட்டம் போட்டுக் குடேன்” என்று வந்து நிற்பார்கள். அப்பா இதைச் செய், அதைச் செய் என்று யாருக்கும் சொன்னதில்லை. கேள்விகளைத்தான் கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் வந்தவர்களுக்கே வழி தெரிந்துவிடும்.

கம்பெனியில் அவருக்குக் கீழே பிரதாப் என்ற அண்ணன் வேலை செய்கிறார். ஒருமுறை ஒரு மெஷினைச் சரி செய்து, பகலில் மட்டும் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்ற ஷிப்டில் பீஸெல்லாம் தப்பாக விழுந்தது. அப்பா அவரிடம் சொன்னதைப் பிரதாப் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார். “ஏன்டா, மூணு ஷிப்டும் பாத்தியா? நீ நிக்கும்போது மெஷினு நல்ல புள்ளையாட்டம்தான் இருக்கும். நீ இல்லாத நேரத்துல போயி பாரு!” எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பாவும் சிரித்தார். ஆனால் அந்தத் தப்புக்குக் காரணம் எழுதும் தாளில் பிரதாப் அண்ணன் பெயரை அப்பா எழுத விடவில்லை. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும், கடைசியில் ஓர் ஆளின் பெயர் வந்தால் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். அது அவர்கள் பயிற்சியில் ஒரு விதி. ஆளின் பெயரைக் காரணமாக எழுதக் கூடாது.

அம்மாவுக்கு இளைப்பு வந்தது அந்த வாடகை வீட்டில்தான். பின்னால் ஒரு முலாம் பூசும் பட்டறை இருந்தது. சாயங்காலமானால் புளிப்பாக ஒரு புகை வரும். முதலில் குளிர்காலத்தில் மட்டும் இழுத்தது, பிறகு வருஷம் முழுக்க இழுத்தது. டாக்டர் ஒரே வார்த்தை சொன்னார். “மருந்து பாதிதாம்மா. இடத்த மாத்துங்க.”

அப்பா சாக்பீஸை எடுத்தார். எத்தனையோ கட்டம் போட்டவர், அந்தக் கட்டத்தைப் போடும்போது மட்டும் கை நிதானமாகப் போனது. பிரச்சினை என்ற இடத்தில், “சம்பங்கி படுத்துத் தூங்க முடியவில்லை” என்று எழுதினார். இருந்தே ஆக வேண்டியது என்ற இடத்தில் புகையும் தூசியும் இல்லாத காற்று. அது ஒன்றுதான். தண்ணீர், பஸ், கடை எல்லாம் இருந்தால் நல்லது என்ற பக்கம் போய்விட்டன.

புரோக்கர் பொன்னுசாமி ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு காட்டினார். தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு புது மனைப்பிரிவில் அந்த வீடு இருந்தது. நாலைந்து வீடுதான் எழும்பியிருந்தது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்னால் தைலமரத் தோப்பு, அதற்குப் பின்னால் ஒரு மேடு. அம்மா வாசலில் நின்று மூச்சை இழுத்தாள். நின்று, மறுபடியும் இழுத்தாள்.

“ஏங்க, மூக்குக்குள்ள சில்லுன்னு போவுதுங்க.”

“மார்க் சொல்லு.”

“நூத்துக்கு நூறு. கூட ரெண்டு போட்டுக்கோங்க.”

அப்பா அந்த இரண்டைப் போடவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கூரை தெரிந்ததைக் காட்டி, “அது என்னா?” என்று கேட்டார்.

“அதுவா ஸார், கல்லு ஒடைக்கிற பழைய ஜல்லி கிரஷர். கேஸ்ல கெடக்குது. பாருங்க, சத்தம் எதனா கேக்குதா?” என்றார் பொன்னுசாமி.

“இன்னிக்கு ஞாயித்துக்கெழம. சத்தம் எப்படிக் கேக்கும்?”

“ஏன் ஸார், வூடு பாக்க வந்தீங்களா, இன்ஸ்பெக்சனுக்கு வந்தீங்களா?”

“வேல நாள்ல ஒருக்கா வந்து பாத்துட்டுதான் சொல்லுவன்.”

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயே அப்பாவின் லீவெல்லாம் தீர்ந்திருந்தது. அவர் வராவிட்டால் அவர் மெஷினில் இன்னொருவர் இரண்டு ஷிப்டு நிற்க வேண்டும். ஷிப்டு முடிந்து அவ்வளவு தூரம் போவதற்குள் இருட்டிவிடும். அந்த நேரத்தில் ஒரு புதன்கிழமை தானாகக் கிடைத்தது. மின்சாரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தியதால் கம்பெனிக்கு விடுமுறை விட்டார்கள், அதற்குப் பதில் ஒரு ஞாயிறு வேலை. அப்பா காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம்வரை அங்கேயே இருந்தார். தோப்பில் நடந்தார், முந்தின ராத்திரி மழையில் இலையெல்லாம் கழுவியிருந்தது. வீட்டு ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார், துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு சத்தம் இல்லை. வீட்டுக்காரரிடமே நேராகக் கேட்டார்.

“அது ஓடறதில்லீங்க” என்றார் வீட்டுக்காரர். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்ததாகவும், “நீ போயி டீ வை” என்று அவர் சொன்னதாகவும் அப்பா ரொம்ப நாள் கழித்து எங்களிடம் சொன்னார்.

திரும்பி வந்ததும் கட்டத்தில் மீதி இருந்த இடங்களை நிரப்பினார். “தப்பாகப் போவதென்றால்: கிரஷர் ஓடினால். இடத்தில் போய்ப் பார்த்தது: ஓடவில்லை, சரி.”

பேங்கில் கடன் வாங்கி, அம்மாவின் நகையை விற்று, அந்த வீட்டை வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினோம். அன்றைக்கு அம்மா தலையணை இல்லாமல் படுத்துத் தூங்கினாள். அப்பா அவளை எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் நான் கடைசியாகப் பார்த்த நல்ல காட்சி அதுதான்.

திங்கட்கிழமை விடிந்ததும் யாரோ லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோல் சத்தம் கேட்டது. “யாருக்கோ ஜல்லி எறங்குது போல” என்றாள் அம்மா. நான் பள்ளிக்கூடம் கிளம்பினேன். சத்தம் நிற்கவில்லை. சாயங்காலம் நான் திரும்பியபோதும் கொட்டிக்கொண்டேதான் இருந்தது. கொடியில் காயப்போட்ட என் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. தைல இலைகள் மாவு தூவியதுபோல் இருந்தன. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “சொல்லாத, அப்பா பாவம்” என்றாள்.

சொல்ல என்ன இருக்கிறது? அப்பா ஷிப்டு முடிந்து வந்து மொட்டை மாடியில் ஏறி நின்றார். இறங்கி வரவே இல்லை. நான் மேலே போனபோது கைப்பிடிச் சுவரை விரலால் தடவி, விரலைப் பார்த்து, மறுபடியும் தடவிக்கொண்டிருந்தார்.

“பொதன்கெழம நான் வந்து பாத்தேனே பாப்பா” என்றார்.

புதிரை அவிழ்த்தது பிரதாப் அண்ணன். புது வீட்டைப் பார்க்க ஒருநாள் வந்தவர், நடந்ததைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“நமக்கு லீவு உட்டாங்களே அந்த ஷட்டவுன் அன்னிக்கா வந்தீங்க? அண்ணா, இந்தப் பக்கம் பூராவும் அன்னிக்குக் கரண்ட் இல்லையே. கிரஷர் மட்டும் எதுல ஓடும்?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. எழுந்து நின்றார். “அண்ணா, நான் சும்மா…” என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பிரதாப் அண்ணன் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

அன்றைக்குத்தான் அப்பா சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதினார். சம்பங்கிக்கு ஏன் மூச்சு இழுக்கிறது? தூசி. தூசியுள்ள வீட்டை ஏன் வாங்கினோம்? தூசி தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? கிரஷர் ஓடாத நாளில் பார்த்தது. ஏன் ஓடாத நாளில் பார்த்தது? அதற்குக் கீழே “மாதேஸ்வரன்” என்று எழுதியிருந்தார். அதையே அழுத்தி அழுத்தி எழுதி சாக்பீஸ் உடைந்திருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். நான் ஈரத்துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தேன். அவர் தடுக்கவில்லை.

மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பார்த்த அன்றைக்குக் கிரஷரில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். போனதும் நிறுத்திவிட்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்காவது போகலாம் என்றால், வந்தவர்கள் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. கடனையும் கட்டி இன்னொரு வீட்டுக்கு வாடகையும் கொடுக்க அப்பாவின் சம்பளம் போதவில்லை. நான் மேலே படிப்பதைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. இருந்த ஒரே வழி வீட்டை விற்பது. டாக்டரும் முகத்தில் அடித்ததுபோல் சொல்லிவிட்டார். இனிமேல் நுரையீரல் கெட்டால் திரும்பி வராது, சீக்கிரம் கிளம்புங்கள்.

பொன்னுசாமியே மறுபடியும் ஆள் கூட்டி வந்தார். அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. போனில் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “ஞாயித்துக்கெழம காலைல கூட்டியாறன் ஸார். நீங்க பேசாம இருங்க, போதும். வாய வாடகைக்கு உட்டுட்டன்னு நெனச்சிக்கோங்க.”

முந்தின நாளே அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “நீங்க பொய் சொல்ல வேணாங்க. கேட்டா சொல்லுங்க. கேக்கலன்னா உட்டுடுங்க.”

அப்பா சரி என்றார்.

வந்தவர்கள் விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். மாதவன், அவர் மனைவி பவளம், நடக்கப் பழகிய ஒரு பெண் குழந்தை. மாதவனுக்கு இன்னொரு கம்பெனியில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்டு.

“பகல்ல நிம்மதியாத் தூங்கணும்ணே, அவ்வளவுதான். இப்ப இருக்கற எடத்துல ஒரே எரைச்சல். இங்க எம்புட்டு அமைதியா இருக்கு பாருங்க” என்றார் மாதவன்.

“எனக்கும் புடிச்சிருக்குங்க. பிள்ளைய வெளிய விடலாம்ல” என்றார் பவளம்.

அவர்கள் மேட்டைப் பார்க்கவில்லை. தகரக் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை. பொன்னுசாமி அட்வான்ஸ் பேச்சை எடுத்தார். அம்மா கதவோரம் புடவைத் தலைப்பை வாயில் பொத்தி, இருமலை அடக்கிக்கொண்டு நின்றாள். குழந்தை ஓடிவந்து அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. அதன் உள்ளங்கால் சாம்பலாக இருந்தது. காலையில்தான் நான் தரையைத் துடைத்திருந்தேன். அப்பா குனிந்து அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“தம்பி, அட்வான்ஸ் குடுக்காதீங்க” என்றார். “ஞாயித்துக்கெழம பாத்து முடிவு பண்ணாதீங்க. வேல நாள்ல வாங்க. கரண்ட் இருக்குற நாளா பாத்து வாங்க.”

மாதவனுக்கு முதலில் புரியவில்லை. பொன்னுசாமி தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். மாதவன் அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவர்கள் திரும்பி வரவில்லை.

அம்மா கத்தவில்லை. கத்த அவளிடம் மூச்சு இல்லை. விட்டு விட்டுத்தான் கேட்டாள்.

“நல்லதுதாங்க பண்ணீங்க. ஆனா உங்க நல்லதனத்த… நான் மூச்சா இழுத்துக்க முடியுமா? நமக்கு வித்தானே அவன்… அவன் நல்லாத்தான் இருக்கான்.”

“அவனும் எவங்கிட்டயோ ஞாயித்துக்கெழம வாங்குனவன்தான், சம்பங்கி.”

“அப்ப நம்மளோட… முடியணுமா? நம்ம தலையிலதான்… முடியணுமா?”

அப்பா அவள் முதுகுக்கு இன்னொரு தலையணை கொடுத்தார்.

அந்த வாரமே தேன்கனிக்கோட்டையிலிருந்து மாமா வெங்கடப்பன் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே காற்று பரவாயில்லை. ஆனால் அம்மாவால் இப்போது பத்தடி நடக்க முடியவில்லை. கெட்டது கெட்டதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா வீட்டில் ஒரு மூலையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்துதான் தூங்குகிறாள். அத்தை நல்லவர்தான். இருந்தாலும் அம்மா தண்ணீர் கேட்பதற்குக்கூட யோசிக்கிறாள். நான் போனால், “வூடு போச்சா?” என்று கேட்கிறாள். இல்லை என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

வீடு இன்னும் விற்கவில்லை. வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார்கள், அப்பா அவர்களிடம் சொல்லிவிடுகிறார். பொன்னுசாமி எங்கள் போனை எடுப்பதில்லை. அப்பா மறுபடியும் கட்டம் போடவில்லை. “தோசையா, சோறா?” என்று கேட்டால், “நீயே சொல்லு பாப்பா” என்கிறார். பஸ்ஸுக்குப் போகும்போது இரண்டு பஸ் நின்றால் எதில் ஏறுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடுகிறார். கம்பெனியில் மெஷினைச் சரி பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையைப் பிரதாப் அண்ணனிடமே விட்டுவிட்டாராம்.

போன வாரம் ஒருநாள் காலையில், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் பதிலைச் சொன்னேன்.

“நீங்க எந்தப் படியையும் விடலப்பா. உங்களுக்கு லீவுன்னாலே அது மெஷினு ஓடாத நாளுதான். ஞாயித்துக்கெழம நீங்களும் லீவு, கிரஷரும் லீவு. கரண்ட் இல்லன்னா உங்களுக்கும் இல்ல, அதுக்கும் இல்ல. அது ஓடுறப்ப நீங்க உங்க மெஷின் முன்னாடி நிக்கிறீங்க. எப்படிப்பா பாத்திருப்பீங்க? கடைசி ஏனுக்குக் கீழ உங்க பேரு வராது.”

அப்பா தரையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். அந்த நேரம் எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது, பழைய அப்பா திரும்பி வந்துவிடுவார் என்று.

“சரியாத்தான் கேட்டிருக்க பாப்பா,” என்றார். “காரணம் அதுதான். அத வெச்சி உங்கம்மாவுக்கு ஒரு மூச்சு வருமா?”

எழுந்துபோய் ஜன்னல் துணியை நனைத்து மறுபடியும் திணித்தார். வெளியே கல் கொட்டிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கியவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். அப்பா கொடுக்கவில்லை, அதற்கு அம்மா விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இது சரியா என்று என்னை யாரும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவர் இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கோ ஒரு வீட்டின் முன்னால் நின்று, எவ்வளவு அமைதி என்று சொல்லப்போகிறார். அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு லீவு கிடைக்காவிட்டால், அவருக்காக ஒரு வேலை நாளில் நீங்கள் போய்ப் பாருங்கள்.